கழிவு வாயுவில் நான்கு இன்ஜின்களை ஓட்டியவருக்கு

கழிவுநீர் நிலையத்தின் காவலரணே! கரியும் கிரீஸும் படிந்த கரங்களால் காரியம் சாதித்த திறலே! பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைத் தேடாத நாளே இல்லை என்பதால், 'பதிமூணாம் நம்பர் அக்கா' என்று நாங்கள் அன்போடு அழைக்கும் மூத்த மெக்கானிக்கே! இந்தப் பணி ஓய்வு விழாவில் உங்களுக்கு எங்கள் வணக்கம்.

ஊரே மூக்கைப் பொத்தி முகம் திருப்பிப் போகும் இந்த நிலையத்துக்குள், முப்பத்தொரு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் முதல் ஆளாக நுழைந்தவர் நீங்கள். பழுதான பம்பின் முனகலை வாயிற்கதவுக்கு அப்பாலிருந்தே கேட்டு, "பேரிங் போச்சு, கழட்டுங்க" என்று குரல் கொடுத்த கூர்மதியே! உங்கள் பொறுமையைப் பாராட்டலாம் என்றால், அப்படி ஒன்று உங்களிடம் இருந்ததில்லை. பணிவைப் பாராட்டினால், அந்தப் பொய்யை முதலில் பிடிப்பவரும் நீங்களே. ஆகவே உங்கள் பிடிவாதத்தைப் பாராட்டுகிறோம்.

கழிவை நொதிக்கவைக்கும் செரிப்புத் தொட்டியில் ஊறும் வாயு வீணே எரிந்து வானம் போவதைக் கண்டு வயிறெரிந்தீர்கள். மின்சாரம் நின்றால் பம்புகளை ஓட்டுவதற்கென்று வைத்திருந்த நான்கு சின்னப் பெட்ரோல் இன்ஜின்களில் ஒன்றை, அந்த வாயுவில் ஓடும்படி மாற்றினீர்கள். காற்று வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ஒரு குழாய். வாயுவை அளந்துவிட ஒரு வால்வு. இரும்பை அரிக்கும் அழுகல் வாடையைப் பிடித்துவைக்க இரும்புத்தூள் நிரப்பிய ஒரு டப்பா. இன்ஜின் இருமியது, இரண்டு முறை அணைந்தது, மூன்றாம் முறை உங்கள் இடது புருவத்தைப் பொசுக்கிவிட்டு ஓடத் தொடங்கியது.

கண்காணிப்பாளர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"இன்ஜினைக் கேட்டேன் சார். அது சரின்னுச்சு."

அந்த ஒரு பதிலுக்குப் பரிசு, இரண்டாண்டு ஸ்டோர் அறை! இன்ஜின் பழையபடி ஆனது. குழாயும் வால்வும் குப்பைக்குப் போயின. நட்டும் போல்ட்டும் அடுக்கச் சொன்னார்கள். நீங்களோ அடுக்கிய கையோடு, கழித்துப்போட்ட குழாய்த் துண்டுகளைக் கொண்டு நான்கு இன்ஜினுக்கும் நான்கு செட் செய்து மேல்தட்டில் ஒளித்துவைத்தீர்கள். எங்களுக்கும் தெரியாது!

பிறகு அந்த மழை. கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றது, சாலை துண்டானது, மூன்றாம் நாள் காலையில் பெட்ரோலும் தீர்ந்தது. பம்பு நின்றால் ஊர்க்கழிவெல்லாம் தாழ்வான தெருக்களில் வீடு புகும். எங்களில் பாதிப்பேர் குடியிருப்பது அங்கேதான். "லாரி வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றார் கண்காணிப்பாளர், தொலைபேசியில்.

ஸ்டோர் அறையிலிருந்து நீங்கள் வெளியே வந்தீர்கள். "அவர் சொன்னா தண்ணி நின்னுடுமா? ஏணியைக் கொண்டாங்கப்பா."

நண்பகலுக்குள் நான்கும் ஓடின. பெட்ரோலில் இருந்த வேகம் இல்லை. ஆனால் ஓய்வும் இல்லை. ஆறு நாள், அருகிலேயே அமர்ந்து, வால்வைத் திருகித் திருகி ஓட்டினீர்கள். ஒரு வீட்டு வாசற்படியையும் கழிவுநீர் தொடவில்லை!

'நிர்வாகத்தின் முன்னேற்பாட்டால் நிலைமை சமாளிக்கப்பட்டது' என்று அறிக்கை எழுதினார்கள். உங்கள் பணிப்பதிவேட்டிலோ, 'உத்தரவை மீறினார்' என்ற வரி இன்றுவரை அழிக்கப்படவில்லை. அழிக்க வேண்டாம் என்கிறோம்! அதைவிட நல்ல பாராட்டை எங்களால் எழுத முடியவில்லை.

நீங்கள் போனதும் நான்கு இன்ஜின்களையும் பழையபடி மாற்றிவைக்கும்படி நேற்று ஒரு சுற்றறிக்கை வந்தது. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் காதுபடவே சொல்கிறோம்: மாற்ற மாட்டோம்.

அஞ்சாத அக்காவே! கையும் காலும் வலுக்குன்றாமல், கண்ணொளி மங்காமல், காரமான அந்த நாக்கும் மழுங்காமல், குடும்பத்தோடு நெடுங்காலம் நிறைவாக வாழ்க!

'ஊழியர்கள்' என்று பொதுவாகப் போட்டால் போதும், தனித்தனியாகக் கையெழுத்து வேண்டாம், விசாரணை வந்தால் வம்பு என்று எங்களுக்கு அறிவுரை சொன்னார்கள்.

பத்தொன்பது பேரும் கீழே போட்டிருக்கிறோம், முழுப்பெயரோடு.

இங்ஙனம்,
பம்பு இயக்குநர்கள், மின்பணியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள்,
கழிவுநீர் நிலையம்
(கீழே பத்தொன்பது கையெழுத்துகள்)