வெட்டிவேர் பாட்டில்

கீழே கடையில் அப்பா இன்னும் டப்பாக்களைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார். சிவரஞ்சனிக்கு எதைத் தப்பாக நிறுத்துக் கொடுத்தோம் என்று தேடுகிறார். கிடைக்காது. அவர் கொடுத்ததெல்லாம் சரியான சரக்குதான்.

அவள் பூசிய வாசனை எண்ணெயில் என்ன கலந்திருந்தது என்று திருச்சி ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். தெரிந்தால் வைத்தியம் பார்க்கச் சுலபமாம். கழுத்துக் கொப்புளம் ஆறிவிடும், வலது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்.

காலையில் அவள் மாமா குரும்பலூரிலிருந்து வந்து கடை வாசலில் நின்றார். "பச்சிலை விக்கிறியா, வெஷம் விக்கிறியா பஞ்சநாதா?"

அப்பா கைகட்டிக்கொண்டார். "நாந்தான் எதையோ மாத்திக் குடுத்துட்டேன் போலருக்குங்க."

நான் உள்ளே கடுக்காய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொட்டலம்கூடப் பிரியவில்லை.

பெரம்பலூரில் எங்கள் நாட்டு மருந்துக் கடையைத் தெரியாதவர்கள் இல்லை. நான் அந்தக் கடையிலேயே வளர்ந்தவள். கிச்சிலிக்கிழங்கு எது, பூலாங்கிழங்கு எது என்று கண்ணால் பார்த்தே சொல்வேன். சிவரஞ்சனி கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ப்ளஸ் ஒன்னில் என் பக்கத்தில் உட்காரும் பெண் என்று நான்தான் அவளை முதலில் கடைக்குக் கூட்டிவந்தேன். ஒரு மாதத்தில் அப்பா கல்லாவுக்குப் பின்னால் அவளுக்கு ஸ்டூல் போட்டார்.

"ரெண்டும் வெட்டிவேர்தான். எது பழசு சொல்லு பாப்போம்" என்பார்.

"இதுங்கப்பா. இதுல ஈரம் போயிருச்சு."

"பாத்தியா சசி, அது மூக்கு."

'அங்கிள்' என்று தொடங்கியவள் எப்போது 'அப்பா'வுக்கு வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அவர் என்னை எதையும் மோந்து பார்க்கச் சொன்னதில்லை.

அரியலூரில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து உடை அலங்காரப் போட்டி வைத்தார்கள். பள்ளிக்கு ஒருவர்தான், தானே வரைந்த துணியைக் கட்டிக்கொண்டு மேடையில் நடக்க வேண்டும். நானும் ஒரு பாவாடை தாவணிக்கு மயில் வரைந்திருந்தேன். அவள் வெள்ளைப் பருத்திச் சேலையில், அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் சுரங்கத்தில் கிடைக்கும் நத்தைக் கல்லை, கல்லாகிப்போன பழங்காலக் கடல் நத்தையை, வரைந்திருந்தாள். சுருள் சுருளாக, முந்தானை முழுக்க. "சேலைக்கு ஒரு வாசமும் வேணும் டீச்சர். மழை விழுந்த கல்லு மாதிரி" என்றாள். சாந்தி மேரி டீச்சர் என் மயிலைப் பாதிதான் பிரித்துப் பார்த்தார்.

அந்த வாசத்துக்காக வெட்டிவேர் ஊறப்போட்ட எண்ணெயை எங்கள் மொட்டை மாடியில்தான் வெயிலில் வைத்திருந்தாள். அப்பாதான் இடம் கொடுத்தார். தினமும் ஏறிப்போய் பாட்டிலைத் திருப்பி வைத்தார். என் மயில் காய்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

கடையில் மேல் தட்டில் சேராங்கொட்டை இருக்கிறது. அதன் சாறு பட்டால் தோல் வெந்துபோகும். அதை எடுக்கும்போதெல்லாம் அப்பா முழங்கைவரை நல்லெண்ணெய் தடவிக்கொள்வார். நானும் தடவிக்கொண்டேன். அவசரப்படவில்லை. முதலில் எங்கள் பூனையின் காதில் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்தேன். காது வீங்கியது, பூனை சாகவில்லை. அளவு சரிதான் என்று தெரிந்த பிறகே பாட்டிலில் விட்டேன். வெட்டிவேர் எண்ணெய் ஏற்கெனவே கறுப்பு. வித்தியாசம் தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பாட்டிலை நானே அவளிடம் கொடுத்தேன். அவள் எதை வாங்கினாலும் மோந்து பார்ப்பாள், கொடுத்த கையையும் சேர்த்து. என் கையைப் பிடித்து மூக்கருகில் வைத்தாள். சிரித்தாள். குரும்பலூர் பஸ் வந்துவிட்டது.

அவள் புருவத்திலும் பூசிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். வேர்த்தால் அங்கிருந்துதான் நன்றாக மணக்குமாம். வேர்வை கண்ணுக்குள் இறங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் ஒரு சொட்டுதானே என்றிருப்பேன்.

முந்தின நாளே பூசிப் பார்த்திருந்தவளுக்கு, போட்டியன்று சனிக்கிழமை காலை முகம் வீங்கிவிட்டது. டீச்சர் என்னை அனுப்பினார். என் மயிலோடு இல்லை, அவள் சேலையோடு. அதை நானே கட்டிக்கொண்டு மேடையில் நடந்தேன். இரண்டாம் பரிசு. கோப்பையை அப்பாவிடம் நீட்டினேன். அவர் திருச்சிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

இன்று மத்தியானம் அப்பாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் டாக்டரைப் பார்க்கப் போனார். சிவரஞ்சனிக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. நான் கட்டிலருகில் போய் நின்றதுமே, "சசியா?" என்றாள். என் கையைத் தேடிப் பிடித்தாள். கோபமாக இல்லை. எப்போதும்போல மூக்கருகில் கொண்டுபோனாள்.

"அப்பா பாவம்டி. அவரு மேல தப்பு இருக்காது, சொல்லு அவர்கிட்ட" என்றாள். கொஞ்ச நேரம் கையை விடவில்லை. பிறகு கேட்டாள்.

"நீ வெள்ளிக்கெழமதான எண்ணெ தேச்சுக் குளிப்ப? வியாழக்கெழம பாட்டில் குடுத்தப்ப, ஒங் கையில நல்லெண்ணெ வாசம் வந்துச்சே. ஏன் சசி?"