சம்பந்தி வீட்டுக்குப் போன சிங்கப்பூர்ச் செடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போய்விடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் மரம் வெட்டிப் போட்டிருந்ததால் எங்கள் பஸ் சங்கராபுரம் தாண்டி நின்றுவிட்டது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் சிங்கப்பூரிலிருந்து வந்த பூச்செடி. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகிறாளாம்.

இளையவள் கேட்டாள்: "இன்னாக்கா, தண்டுல காஞ்ச நுரையாட்டம் ஒட்டிக்கினு இருக்குது? கரப்பான் முட்டையா?"

"அது அவரைக்கொட்டையாட்டம் இருக்கும்டி. இது வேற."

"எதுவா இருந்தா இன்னா? வூட்டுக்குப் பூச்சி கொணாந்துட்டீங்கன்னு உன் சம்பந்தியம்மா உன் பொண்ணைத்தான் ஏசும். கிள்ளிப் போடு."

மூத்தவள் நகத்தை வைத்தாள். அதற்குள் அந்தக் கூட்டிலிருந்து குட்டிக் குட்டியாகப் பூச்சிகள் நூலில் தொங்கி இறங்கின. இலையில் கால் பட்டதும் எல்லாம் முன்னங்கையை மடக்கிக்கொண்டு நின்றன.

"அடியே, கும்பிடுபூச்சி!"

"தட்டி வுடுக்கா."

"எதுக்கு? பொறந்த ஒடனே கும்பிடுது பாரு. கல்யாணம் முடிஞ்சதுலேருந்து அந்தம்மா என்னை ஒருவாட்டிகூட கும்பிடல. இதுங்க போய் கத்துக்குடுக்கட்டும்."

கும்பிடுபூச்சி பிறந்தவுடனே கை மடக்குமா, இல்லை என் கண்ணாடிதான் பழசா? தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள்.