பத்தாவது குழி

…அதான் பெரியப்பா என் கஷ்டமே! நான் பொய் சொன்னா எல்லாரும் நோட்டுல எழுதிக்கறாங்க, நெஜத்தச் சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. இது என்ன நியாயம், சொல்லுங்க? இல்ல, சொல்லாதீங்க. உங்க தொண்டை மேடைக்கு வேணும். நான் பேசறேன், நீங்க கேளுங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கதை முடியறப்ப ஒரு சிரிப்பு இருக்கு. சாதாரணச் சிரிப்பு இல்ல, வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுவீங்க. ஆனா இப்பவே சொல்ல மாட்டேன். இப்பவே சொன்னா, 'போடி கிளி, உனக்கு வேற வேல இல்ல'ன்னு கதவத் திறந்துகிட்டு மேடைக்குப் போயிடுவீங்க. போனா அந்தக் கடைசி ஸ்லைடப் போடுவீங்க. 'உலகின் முதல் நாற்காலி.' முந்நூறு பேர் பாப்பாங்க. முதல் வரிசையில தாடி சார் வேற கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. வேணாம் பெரியப்பா. உங்களக் கூப்பிட இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அந்த ஒரு ஸ்லைட மட்டும் எடுத்துடுன்னு சொல்லுங்க, நான் வாயத் தெச்சுக்கறேன்.

மாட்டீங்களா? சரி. அப்ப என் கதையக் கேட்டுத்தான் ஆகணும்.

உங்களுக்கே தெரியும், இந்த வருஷம் நீங்க தோண்டறப்ப எனக்குப் பரீட்சை. நான் வரவே இல்ல. இன்னிக்குக் காலையில, 'கிளி, நீ மேடைக்குப் பக்கத்துல நின்னு ஸ்லைடு மாத்து, வேற எதுவும் செய்யாத, குறிப்பா பேசாத'ன்னு சொன்னீங்களா, அப்பதான் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்தேன். எல்லாம் ஜோரா இருந்துச்சு! வட்டமா அந்த வீடு. ஒம்போது கம்பக்குழி, கடிகாரத்துல நம்பர் போட்ட மாதிரி சுத்தி நிக்குது. கம்பம் என்னிக்கோ மக்கிப் போயாச்சு, கம்பம் நின்ன இடத்துல கருப்பா மண்ணு மட்டும் மிச்சம். இல்லாத கம்பத்தத் தேடி, இருந்த குழிய மறுபடி குழியாக்கறதுக்கு இத்தன பேர், இத்தன பிரஷ்ஷு! இல்ல இல்ல, கிண்டல் பண்ணல. அப்புறம் அடுப்பு. அப்புறம் தரை. பதினோரு தடவ களிமண்ணு பூசியிருக்காங்கன்னு வெங்காயம் உரிச்ச மாதிரி உரிச்சுக் காட்டியிருக்கீங்க. அம்மா பாத்தா, 'பாரு, அந்தக் காலத்துல வருஷா வருஷம் வீட்டச் சுத்தமா வெச்சிருக்காங்க, நீ உன் ரூமப் பெருக்கி எத்தன மாசம் ஆச்சு'ன்னு ஆரம்பிச்சிருவாங்க. நல்ல வேளை, அவங்க வரல.

அப்புறம் அந்த அரைக்கற கல்லு. அதுல அரைச்ச பொம்பளையோட முட்டி எலும்பு. எனக்கு அதப் பாத்தாலே ஒரு மாதிரி இருக்கு பெரியப்பா. காலமெல்லாம் முட்டி போட்டு அரைச்சு அரைச்சு எலும்பே தேஞ்சு போச்சு. செத்த பிறகாவது வேற எங்கயாவது அனுப்பினாங்களா? இல்ல, அதே வீட்டுத் தரைக்கு அடியிலயே புதைச்சு, மேல பூசிட்டு, மறுநாள் அங்கயே அடுத்தவங்க உக்காந்து அரைக்கறாங்க!

ஆங், அங்கதான் எனக்கு உறுத்துச்சு. அந்த ஊர்ல கிடைச்ச அத்தன பேர் எலும்பையும் பாத்துட்டு நீங்கதான எழுதினீங்க, எல்லாரும் தரையில குந்தித்தான் உக்காந்தாங்கன்னு? கடைசி ஸ்லைடுல மட்டும் திடீர்னு ஒருத்தர் நாற்காலி போட்டு உக்காந்திருக்காரே, யார் அவரு?

தெரியும், தெரியும். 'தலைவர்.' உங்க கட்டுரையில அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. இருங்க, உங்க குரல்லயே சொல்றேன். 'ம்ம்… கவனிக்கணும்… இத ரொம்பக் கவனிக்கணும்…' சரியா வருதா? 'ஒன்பது கம்பமும் வட்டத்தில் நிற்க, பத்தாவது மட்டும் தனியே, உள்ளே நிற்கிறது. கூரையைத் தாங்க அது தேவையில்லை. அதன் அடி கூராக இருக்கிறது, மற்றவற்றைப் போல் சுற்றிலும் கல் வைத்து இறுக்கவில்லை. எனில் அது தாங்கியது வீட்டை அல்ல. தலைவரின் இருக்கைக்கு மேலே விரித்த ஒரு விதானத்தை!'

விதானம்! என்ன வார்த்தை பெரியப்பா! படிச்சதும் எனக்குப் புரை ஏறிடுச்சு. டீ மூக்கு வழியா வந்துச்சு.

ஏன்னா கேக்கறீங்க? அவசரப்படாதீங்க. சொல்லித்தான் தீருவேன்.

உடனே ஸ்கேல் அக்காகிட்ட ஓடினேன். அவங்கதான அந்தப் படம் வரைஞ்சது. 'அக்கா, பத்தாவது குழி புதிய கற்காலக் குழியே இல்லக்கா!'ன்னேன். அவங்க கண்ணாடிய மேல தள்ளிக்கிட்டு, 'ஆழம் நாற்பத்து மூணு புள்ளி ரெண்டு சென்டிமீட்டர். விட்டம் நாலு புள்ளி எட்டு. உன் நாக்கு நீளம் மட்டும் அளக்க டேப் பத்தல'ன்னாங்க. பாருங்க, நெஜத்தச் சொல்ல வந்தவள எப்படிப் பேசறாங்க!

சரி, அவங்களச் சொல்லியும் தப்பில்ல. போன மாசம் போன்ல உங்க குரல்ல பேசி, 'பூமி ராத்திரி கொஞ்சம் நகர்ந்திருக்குன்னு தகவல், தரைய முழுக்க மறுபடி அள'ன்னு சொன்னது நான்தான். அளந்துட்டாங்க பெரியப்பா! முழு நாள் அளந்துட்டு, சாயங்காலம் உங்ககிட்ட வந்து, 'சார், பூமி நகரவே இல்ல'ன்னு சொன்னாங்களா? நீங்களும் 'ம்ம், நல்லது'ன்னு சொல்லிட்டு நோட்டுல எழுதிக்கிட்டீங்களா? அதான் சொன்னேன், என் பொய்யெல்லாம் நோட்டுல ஏறிடுது, நெஜத்துக்குத்தான் இடம் இல்ல.

தாடி சார்கிட்டயும் போயிருப்பேன். போகல. போனா அவரு அந்த மூக்குக் குரல்ல, 'ஆங்… விவாதத்துக்குரியது'ன்னு இழுத்துட்டு, நேரா மேடைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு உங்க வாயாலயே எல்லாத்தையும் சொல்ல விட்டுட்டு, அப்புறம் கைய தூக்குவாரு. நாலு வருஷமா உங்களக் கவுக்க ஒரு வழி கிடைக்குமான்னு பாத்துட்டிருக்காரு. நான் போய் எடுத்துக் குடுப்பேனா?

இல்ல பெரியப்பா, வெளையாட்டுக்குக்கூட மாட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல மைக்குல 'இன்று பள்ளி பதினோரு மணியோடு முடிகிறது'ன்னு சொல்லி, பள்ளிக்கூடத்தையே காலி பண்ணிவிட்டேன்னு என்ன ஒரு மாசம் வெளிய போட்டாங்களே, அப்ப அம்மா அழுதாங்க, அப்பா பேச்சையே நிறுத்திட்டாரு. நீங்க ஒருத்தர்தான் வந்து, 'எங்க, அந்தக் குரல ஒரு தடவ பண்ணிக் காட்டு'ன்னு கேட்டுட்டுச் சிரிச்சீங்க. அப்புறம் மண்ணு சலிக்கறதுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. உங்களப் பாத்து முந்நூறு பேர் சிரிச்சா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சுக்குவேன்? உங்களப் பாத்துச் சிரிக்கற உரிமை எனக்கு மட்டும்தான் இருக்கு.

பதினஞ்சு நிமிஷமா? இருக்கு, இருக்கு.

போன வருஷத்துக்கு வரேன். நாலு கட்டம் தோண்டினீங்க. அஞ்சாவது கட்டத்தக் கயிறு கட்டி, 'யாரும் கால் வைக்கக் கூடாது'ன்னு போர்டு மாட்டி, அடுத்த வருஷத்துக்குன்னு விட்டு வெச்சீங்க. அந்த அஞ்சாவதுலதான் இந்த வருஷம் பத்தாவது குழி கிடைச்சிருக்கு. சரியா? தரை எவ்வளவு ஆழத்துல இருந்துச்சு? நாலு விரக்கட. அவ்வளவுதான்! மேல நாலு விரக்கட மண்ணு, கீழ களிமண்ணுத் தரை. அதுவும் முதல் வாரம் பூரா மழை, எல்லாம் பிசைஞ்ச மாவு கணக்கா கெடந்துச்சு.

இப்ப என் சல்லடை எங்க இருந்துச்சு? அஞ்சாவது கட்டத்துக்குக் கிழக்க. ஒட்டி. நெழலே கெடையாது. மழை விட்டதும் வெயில் மண்டையப் பொளக்குது, நான் எலிப் பல்லு பொறுக்கிட்டிருக்கேன். எலிப் பல்லு பெரியப்பா! மனுஷன் வீடு கட்டி தானியம் சேத்து வெச்சதும் மொதல்ல குடி வந்தது எலிதானாமே. வாடகையும் குடுக்கல, பல்ல வேற விட்டுட்டுப் போயிருக்கு, நான் பொறுக்கணும். எனக்கு நாக்குத் தள்ளுது. நீங்க எங்க இருந்தீங்க? ஜம்முன்னு, கடை வாசல்ல விரிப்பாங்களே, அந்த மாதிரிப் பெரிய குடை ஒண்ணு, அதுக்கடியில பிளாஸ்டிக் நாற்காலி, நோட்டுல மூக்க நுழைச்சுக்கிட்டு.

குடைதான் பெரியப்பா. ஞாபகம் வருதா? நீலம். இரும்புக் கம்பி. கம்பியோட அடி எப்படி இருக்கும்? தட்டையாவா இருக்கும்?

கூரா இருக்கும்.

ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் சொல்லல. கம்பியோட அடிய மட்டும்தான் சொன்னேன்.

என்ன? குடை அந்தப் பக்கம் மண்ணு கொட்டற மேட்டுல இருந்துச்சா? ஆமா, மொத வாரம் மட்டும். அப்புறம் அது இடம் மாறிடுச்சு. நாப்பது நாள் அது எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நாற்காலி எங்க கெடக்குதோ அங்க போய் உக்காருவீங்க. பெரியம்மா சொல்வாங்களே, 'இந்த மனுஷன ரயில்ல உக்கார வெச்சாலும் வீட்டு ஹால்னு நெனச்சு டீ கேப்பாரு'ன்னு. பழைய மேஸ்திரி கல்லால நாலு போடு போட்டு, முழங்கால் ஆழத்துக்கு அதை இறக்கினாரு. எங்கயா? வேற எங்க. கயித்தத் தூக்கிட்டு அஞ்சாவது கட்டத்துக்குள்ள.

பழைய மேஸ்திரி வேலைய விட்டுட்டு மக வீட்டுக்குப் போயாச்சு. ஸ்கேல் அக்கா இந்த வருஷம்தான் வந்தாங்க. குடைய எடுத்ததும் மழைத் தண்ணி அடுப்புச் சாம்பல அடிச்சுட்டு வந்து குழிய நெரப்பிடுச்சு. இந்த வருஷம் பிரஷ்ஷப் போட்டா, கருப்பா, வட்டமா, அழகா ஒரு கம்பக்குழி! எல்லாரும் கைதட்டினாங்களாமே?

சிரிங்க பெரியப்பா. இது பாதிதான்.

நம்பலயா? நான் உங்க காதுல பூ சுத்தறேன்னா? சரி, என்ன நம்ப வேணாம். உங்க நோட்ட நம்புங்க. பத்தாவது குழிக்குப் பக்கத்துல நாலு சின்னக் குழி. அளவு சொல்லுங்க. நானே சொல்லட்டா? முன் ரெண்டுக்கும் நடுவுல நாப்பத்தாறு சென்டிமீட்டர். பின் ரெண்டுக்கும் நடுவுல நாப்பத்தொண்ணு. 'முன்புறம் அகன்றும் பின்புறம் ஒடுங்கியும் அமைத்த தச்சனின் நுட்பம் வியக்க வைக்கிறது.' வியக்க வைக்குதுதான். ஒவ்வொரு குழியும் வட்டமா இல்லாம மடிச்ச அட்ட மாதிரி, 'ட' கணக்கா மூலையா இருக்கு, 'உளியால் செதுக்கிய கால்கள்'னு எழுதியிருக்கீங்க.

இப்ப ஒரு உதவி பண்ணுங்க. எந்திரிங்க. இல்ல, மேடைக்கு இல்ல, சும்மா எந்திரிங்க. உங்க சட்டப் பையில எப்பவும் ஒரு டேப் இருக்குமே, எடுங்க. இப்ப நீங்க உக்காந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியக் குனிஞ்சு அளங்க. நான் பிடிக்கறேன். முன்கால்… எவ்வளவு? படிங்க.

ஆமா. நாப்பத்தாறு.

பின்கால். நாப்பத்தொண்ணு.

கவுத்துப் பாக்கறீங்களா? பாருங்க. காலோட அடி, மடிச்ச அட்ட மாதிரி.

பெரியப்பா? பெரியப்பா, நீங்க எழுதினது ஒண்ணுமே தப்பில்ல. நாற்காலி நெஜம். விதானம் நெஜம். தலைவர் ஒருத்தர் நெழல்ல உக்காந்திருந்தாரு, மத்தவங்க எல்லாம் முட்டி தேய வேல செஞ்சாங்க, அதுவும் சத்தியமா நெஜம். வருஷம் மட்டும்தான் கொஞ்சம் முன்னப்பின்ன.

ஆ! சிரிப்பு! அந்த மீசைக்கு அடியில, நான் பாத்துட்டேன்! எடுத்துடட்டுமா ஸ்லைட? தலைய ஆட்டினீங்க, ஆட்டினீங்க! இதோ… எடுத்தாச்சு. வெங்காயத் தரையோட முடிச்சுக்குங்க, அது போதும். தாடி சாருக்கு இன்னிக்கு வெறும் விவாதத்துக்குரிய சாயங்காலம்தான்.

என்ன?

குடைய யாரு கட்டத்துக்குள்ள நடச் சொன்னதா? அது எதுக்கு இப்ப… காலையில மேஸ்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். 'ஐயாவேதாம்மா சொன்னாரு, புரியுதா. கூடாரத்துக்குள்ளேர்ந்து சத்தமாக் குரல் குடுத்தாரு. யோவ் மேஸ்திரி, குடைய அஞ்சாவதுல நடு, நெழல் சல்லடை மேல விழணும்னாரு. புரியுதா'ன்னாரு. நீங்கதான் சொல்லியிருக்கீங்க, மறந்துட்டீங்க.

அன்னிக்கு நீங்க ஊர்லயே இல்லயா?

ஓ.

பல்லு பிடுங்கப் போயிருந்தீங்களா. ஆமால்ல. கன்னம் வீங்கி வந்தீங்க.

ஏன் பெரியப்பா அப்படிப் பாக்கறீங்க? டேப்பக் கீழ வைங்க. இரும்பு டேப், கைய கிழிச்சிடும். நாற்காலியையும் வைங்க. பெரியப்பா, வெளிய கேக்குது பாருங்க, உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க! அய்யோ, அது நான் இல்ல பெரியப்பா! வாயப் பாருங்க, மூடியிருக்கு! நெஜமாவே கூப்பிடறாங்க!