கட்டை என்று குறித்த படம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இதை உரக்கச் சொல்ல முடியாது. என் சிநேகிதன் அஜித்குமாரின் சின்ன மாமன் தமிழழகனுக்கு நடந்தது.

பொழுது சாய்ந்து ஏழு மணி. கல்வராயன் மலையடிவாரத்து அணையிலிருந்து கச்சிராயபாளையம் வரும் சாலை. இரண்டு பக்கமும் கரும்பு. ஈ காக்கை இல்லை. தமிழழகன் வண்டியில் வருகிறான். முதுகில் மடிக்கணினி, முன்னால் டேங்க் மேல் கேமராப் பெட்டி.

வண்டி திடீரென்று திணறியது. பின்னால் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தால் எப்படி அழுந்தும், அப்படி. பஞ்சர் என்று நினைத்து இறங்கிப் பார்த்தான். டயர் கல்லாக இருந்தது. மறுபடி ஏறினான். சொட்... சொட்... தார்ச் சாலையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். மழை இல்லை. பாசி நாற்றம் மூக்கைத் துளைத்தது. திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. எப்படி வரும்? அவன் செய்திருந்த காரியம் அப்படி.

அவன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பரிசலில் போய்க் கேமராவைத் தண்ணீருக்குள் இறக்குவான். வருகிற படங்களைக் கணினி பார்த்து, மீனைச் சுற்றிக் கட்டம் போட்டு எண்ணும். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் அதற்குத் தெரியும். தெரியாத பொருளைக் கண்டால் இவனைக் கேட்கும். பாறை, கட்டை என்று இவன் ஒரு தடவை பெயர் வைத்துவிட்டால் போதும். அப்புறம் அந்த மாதிரி எது வந்தாலும் ஒதுக்கிவிடும், கண்ணில் காட்டாது. சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை.

அந்த வாரம் நிஷாத் என்ற பையன் அணையில் குளிக்கப் போய் முழுகிவிட்டான். கள்ளக்குறிச்சியில் வளையல் கடை வைத்திருக்கும் நூர்ஜகானின் ஒரே பிள்ளை. தீயணைப்புக்காரர்கள் தேடித் தேடி ஓய்ந்தார்கள். அப்போதுதான் தமிழழகனுக்கு ஒரு படம் வந்தது. கலங்கல் தண்ணீர்... பாறை இடுக்கு... விரித்த ஐந்து விரல். இது என்ன என்று கணினி கேட்டது. பக்கத்தில் மீன் குத்தகைக்காரர் நாராயணசாமி நின்றிருந்தார்.

"பொணம் கெடந்த தண்ணி மீன எவன்யா வாங்குவான்? கட்டன்னு போடு."

போட்டான். பாவி!

மறுநாள் தீயணைப்புக்காரர்கள் அதே கேமராவைக் கேட்டு வாங்கி அணை முழுக்கத் துழாவினார்கள். கணினி மீனை மட்டும் காட்டியது. கரையில் நின்றிருந்த நூர்ஜகான் இவனிடம் வந்தார்.

"தம்பி, மிசினு பொய் சொல்லாதாமே. தண்ணில இல்லன்னா எம்புள்ள எங்கியோ உசுரோட கீறான்னுதானுங்களே அர்த்தம்?"

ஆமாம் என்று தலையாட்டினான். அடக்கம் செய்ய ஓர் உடம்பு கிடைத்திருந்தால் அந்தத் தாய் அழுதாவது தீர்த்திருப்பார். அதையும் பிடுங்கிக்கொண்டு, பொய்யான நம்பிக்கையைக் கொடுத்து அனுப்பினான். கொலைகூட இதைவிடத் தேவலை.

சரி, அன்றைக்குப் பொழுது சாய்ந்து அவன் வந்த சாலைக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்குள் ஒரு தெருமுனையைத் தாண்டியதும் வண்டி சட்டென்று இலேசானது. அவன் தியாகதுருகத்தில் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டான். முதல் வேலையாக, அந்தக் கைக்குக் கட்டை என்று வைத்த பெயரை அழித்தான். ஒதுக்கிக் கிடந்த படங்கள் திரையில் வந்து விழுந்தன... ஒன்றில் பாறை இடுக்கில் கை. அடுத்ததில் தோள். அதற்கடுத்ததில் நிஷாத் தண்ணீருக்கடியில் நின்றுகொண்டிருந்தான். ஒவ்வொரு படத்திலும் கேமராவுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே. கடைசிப் படம் அன்று மாலை, கேமரா பெட்டிக்குள் இருந்த நேரத்தில் எடுத்தது. அதில் தண்ணீரே இல்லை. கரும்பு, தார்ச் சாலை, வண்டி ஓட்டிப்போகும் தமிழழகனின் முதுகு.

விடிந்ததும் நூர்ஜகான் வீட்டுக்கு ஓடினான், காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிட. அவர் கதவைத் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. ராத்திரியே வந்துட்டான். உங்க வண்டிலதான் வந்தேன்னான். குளிருது குளிருதுன்னு நடுங்கிக்கினே இருந்தான்... மெல்ல வாங்க, இப்பதான் தூங்கறான்."

உள்ளே கட்டில். தலையோடு காலாக ஒரு போர்வை. அதற்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனிகளை மீன் தின்றிருந்தது. நூர்ஜகான் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, சூடு வரட்டும் என்று தேய்த்துவிட்டார்.

விரல்கள்... மெல்ல மடங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டன.