மூவாயிரத்துல ஒண்ணு

அய்ய, அத குப்பையில போட்டுறாதீங்கண்ணா. எக்ஸ்ட்ரா பார்ட்டெல்லாம் இல்ல அது. பேட்டரி மாத்தசொல்ல உள்ளருந்து விழுந்துச்சுல்ல, அப்ப இந்த போனோடதுதான். இன்னாதுன்னு தெரியலையா? நீங்க பாத்ததெல்லாம் காசு மாதிரி வட்டமா இருந்திருக்கும். இந்த மாடல்ல நீட்டமா வரும். வைப்ரேட்டர்ண்ணா. சைலன்ட்ல போட்டா வுர்ருனு அதிரும் பாருங்க, அது இதாலதான்.

எனக்கு எப்படித் தெரியுமா? ஆறு வருஷம் இந்த ஒண்ணத்தானே வெச்சேன். ஸ்ரீபெரும்புதூர்லதான். கம்பெனி பேரு எதுக்கு, உடுங்க. ஷிஃப்டுக்கு மூவாயிரம் பீஸ். ட்ரேலருந்து எடுக்கணும், பள்ளத்துல வெக்கணும், கட்டவெரலால ஒரு அழுத்து. அதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். மத்த பார்ட்டெல்லாம் எது எங்க கீதுன்னு கேட்டா தெரியாது. ஆனா இத கண்ண கட்டிகினு வெப்பேன். ரஞ்சனி கைப்பட்டா ரிஜெக்ட் வராதுன்னு சூப்பர்வைசரே சொல்வாரு. அந்த திமிரு எனக்கு நெறைய இருந்துச்சு.

பெருசா காட்டுற அந்த லென்ஸ கொஞ்சம் குடுங்கண்ணா. நான் பாக்கணும். இந்த ஒரு பார்ட்டாலதான் என் வூட்டுல எல்லாம் போச்சு.

போன் எங்க வூட்டுக்காரரோடது. வசந்தகுமாருன்னு பேரு. ஒரகடத்துல காருக்கு சீட்டு தைக்கிற கம்பெனி. எங்க லைன்ல ஓடுற மாடலுன்னே தேடிப் போயி வாங்குனாரு. உள்ள நீ கீறேன்னு சொல்லிகினு திரிவாரு, லூசு. அவங்க லைன்ல ரிங் சத்தம் கேட்டா மெமோ. அதனால எப்பவும் வைப்ரேட்லயே பாக்கெட்ல கெடக்கும்.

அன்னிக்கு எனக்கு வீக் ஆஃப். மத்தியானம் பாப்பாவுக்கு ஜுரம் ஏறி ஃபிட்ஸ் வந்துருச்சு. அப்ப ரெண்டு வயசு. கண்ணு மேல சொருவிகிச்சு. பதினோரு வாட்டி அவருக்கு அடிச்சேன். ரிங் போவுது, எடுக்கல. ஷேர் ஆட்டோக்காரன் கால்ல விழாத கொறையா கெஞ்சி ஜிஎச்சுக்குத் தூக்கினு ஓடினேன். பொழச்சிகிச்சு, நல்லா கீது, இப்ப மூணாவது படிக்குது. இவரு சாயங்காலம் பஜ்ஜி பொட்டலத்தோட வந்து, வூடு பூட்டிக் கெடக்கறத பாத்துட்டு, எங்க போயிட்டேன்னு சாவகாசமா போன் பண்றாரு.

ஆஸ்பத்திரிக்கு ஓடியாந்து, அதிரவே இல்ல ரஞ்சனின்னாரு. பாப்பா மேல சத்தியம்னாரு. அங்கயே என் போன்லருந்து அடிச்சுப் பாத்தேன். நல்லா அதிருச்சு. அப்புறம் இன்னா பேச்சு? ஒரு நாளைக்கு மூவாயிரம் வெக்கறவகிட்டயே கதை உடுறியா, அது கெடாது, நீ பாத்துட்டே எடுக்கல, பெத்த புள்ள மேல பொய் சத்தியம் பண்றியேன்னு ஆஸ்பத்திரியே கேக்கற மாதிரி கத்தினேன். வேற எவளா இருந்தாலும் நம்பியிருப்பா. பென்னலூர்ல எங்கம்மா வூடு. ஆஸ்பத்திரிலருந்து நேரா பாப்பாவ தூக்கினு அங்க வந்தவதான், திரும்பிப் போவல.

ஒரு மாசம் கழிச்சு அவங்க தங்கச்சிகிட்ட இந்த போன குடுத்து உட்டாரு. நீயே தொறந்து பாரு, உனக்குத் தெரியாததான்னு. நான் தொறக்கல. பீரோவுல போட்டு வெச்சேன். இப்ப பாப்பாவுக்கு ஸ்கூல்ல ஹோம்வொர்க்கெல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்புறாங்க, என் போனு உயிர வாங்குது. இத உசுப்பிப் பாக்கலாமேன்னு எடுத்தாந்தேன். அவ்ளோதான்.

தோ, இந்த ஓரத்துல ரெண்டு தகடு கீது பாருங்க. ஒண்ணு நிமிந்து கீது, ஒண்ணு மடங்கிகினு கீது. இது கீழ விழுந்து மடங்கினது இல்லண்ணா. வெக்கசொல்ல சாய்ச்சு அழுத்துனா இப்படித்தான் மடங்கும். ஓவர்டைம் பாத்தா கட்டவெரல் மரத்துப் போவும், அப்ப இப்படி ஆவும். மடங்குன தகடு போர்ட தொட்டுகினு இருந்தா அதிரும், தொடலைனா அதிராது. என் கையோ, அடுத்த ஷிஃப்டுக்காரி கையோ, யாரு கண்டா.

அவரு பொய் சொல்லலண்ணா.

போயி சொல்றதா? எங்க போயி சொல்றது. டைவர்ஸ் ஆயி ரெண்டு வருஷம் ஆவுது. போன தையில வாலாஜாபாத்துல அவருக்குக் கல்யாணம் ஆச்சு. நல்ல பொண்ணுன்னுதான் சொல்றாங்க. நீங்க பேட்டரிய போட்டு மூடுங்கண்ணா, பாப்பா ஸ்கூல் உட்டு வந்துரும்.