ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆசிரியர் கந்தப்பன் அவர்களே! தம் கடை விளக்கையே தூக்கி வந்து ஒளி தந்திருக்கும் நூர்தீன் நானா அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு முகம் கழுவிப் பொட்டிட்டு வந்திருக்கும் தாய்மாரே! நோர்வூட் குளிரைத் தோளில் போர்த்தி நிற்கும் பெரியோரே! உங்களை மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு நல்லமுத்துவின் தாழ்ந்த வணக்கம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாலை பெற்று அமர்ந்திருக்கும் புல்லாங்குழல் செல்லசாமியைப் புகழ எனக்குத் தகுதியில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் அவன் குழலெடுத்தால் இருபது கத்திகள் நின்றுவிடும். எத்தனை முறை விரட்டியிருப்பேன்! தலவாக்கலை நாகசுர வித்துவானிடம் ராகம் பயின்று திரும்பியவனை, மறுநாள் காலை, பேர் வாசித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டில், "பிந்தி வந்தவனுக்குப் பேரில்ல, போ" என்று திருப்பி அனுப்பியவன் நான். பேர் வாசிக்காவிட்டால் அன்று வேலையில்லை. கோபித்தானா? இல்லை. கெஞ்சினானா? இல்லை. "சரிங்கய்யா" என்று லயத்து வீட்டுக்குப் போய் மறுபடியும் ஊதினான். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் போகவில்லை.

ஊதினான், உயர்ந்தான், கச்சேரி மேடை கண்டான், கொழும்பு வானொலியில் வாசித்தான். சென்ற ஆண்டு அரைமணி நேர இசை நிகழ்ச்சியொன்றை அமைக்கும் பொறுப்பே அவனைத் தேடி வந்தது. வயலின் வந்தது, மிருதங்கம் வந்தது. இவனோ நம் பெரட்டுத் தப்பும் வேண்டுமென்றான்! விடியலில் பெரட்டுக்கு அழைத்து நம் தூக்கத்தைக் கெடுக்கும் அதே தப்புப் பறை. அதை அடிப்பவர் அவன் தகப்பனார் மூக்கன்.

ஒலிப்பதிவில் இருந்த ஒருவர், "தப்பு இருக்கட்டும். அடிக்கிறவர் பேர் எதற்கு? உங்கள் பேர் போதும்" என்றாராம். செல்லசாமி குழலை உறையிலிட்டான்.

"அப்பா பேரு வராட்டி எம் பேரும் வேணாங்க. நானும் அப்பாவும் ஊருக்குப் போறோம்."

போயிருந்தால் மறுபடி அழைத்திருப்பார்களா? பத்து வருட உழைப்பு அந்தக் கதவோடு முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுந்தான். அவர்கள் இறங்கி வந்தார்கள்.

நிகழ்ச்சி ஒலித்தது ஒரு ஞாயிறு பிற்பகல். நூர்தீன் நானா கடை வானொலியை உச்சத்தில் வைத்துவிட்டார். கடை எங்கே இருக்கிறது? பெரட்டுக் களத்தின் ஓரத்தில்! உண்ட மயக்கத்தில் லயமே உறங்குகிறது. திடுமென முழங்கியது தப்பு. கூடையென்ன, கத்தியென்ன, கொங்காணிப் போர்வையென்ன, களம் நிறைந்துவிட்டது. யாரங்கே சிரிப்பது? ராசம்மா, முதல் வரிசையில் கூடையோடு நின்றது நீங்கள்தானே!

"கண்டாக்கையா மட்டும் என்னவாம்?" என்கிறார். உண்மைதான் தாயே. காற்சட்டையை மாட்டிக்கொண்டு, செக்ரோல் என்னும் பேர்ப் புத்தகத்தோடு ஓடிவந்து, பேர் வாசிக்க வாய் திறந்தவன் நான்தான்.

திறந்த வாய் அப்படியே நின்றது. எதிரே மூக்கன், கையில் தப்பில்லாமல்! முழங்கியது வானொலித் தப்பென்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தப்பு தணிந்து குழல் எழுந்தது. ஒருவரும் கலையவில்லை. முடிவில் வானொலி சொன்னது: "புல்லாங்குழல், இசையமைப்பு, செல்லசாமி. தப்பு, மூக்கன்."

பதினெட்டு ஆண்டுகள் அந்தக் களத்தில் பேர் வாசித்திருக்கிறேன், ஐயா. எல்லாம் வேலைக்கு அனுப்பத்தான். பாராட்டுவதற்காக ஒரு பேர் அங்கே ஒலித்தது அன்றுதான். மூக்கன் என்ன செய்தார் தெரியுமா? தலைத்துண்டைக் கையிலெடுத்து, வானொலியைப் பார்த்து, "இருக்கேங்க" என்றார். என் கண் கலங்கிவிட்டது.

செல்லசாமி, அன்று நான் வாசிக்க மறுத்த பேரை இன்று ஊரறிய வாசிக்கிறேன். இசைவாணர் செல்லசாமி! பதில் சொல்லப்பா.

கேட்டீர்களா? "இருக்கேங்கய்யா" என்கிறான்.

பனியிலும் பொறுமையாய் நின்று கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நாளைக் காலைப் பெரட்டுக்குப் பிந்தி வந்தாலும் எல்லோருக்கும் பேருண்டு. வணக்கம்.