பிச்சாவரம் முதலைப் படம் குறித்து எழிலரசி சொன்னது

பெயர் எழிலரசி, வயது 24, த/பெ தேவசகாயம், மாதா கோயில் தெரு, முதுநகர், கடலூர். சிதம்பரத்தில் செல்போன் பழுது நீக்கும் கடையில் வேலை. திரு. சபாபதி கொடுத்த புகார் மனு மீதான விசாரணைக்கு இன்று திங்கட்கிழமை காலை நானாகவே காவல் நிலையம் வந்து, உதவி ஆய்வாளர் ஸ்ரீமதி அவர்கள் முன்பு சொல்வது.

நான் மேற்படி முகவரியில் அப்பா, அம்மா செல்லாயி, அண்ணன் எழிலன் ஆகியோருடன் வசித்து வருகிறேன். அண்ணன் குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறார். போலீஸ் சரிபார்ப்பு மட்டும் பாக்கி. அவர் பெயரில் ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால் அந்த வேலை கிடைக்காது. எங்கள் தெருவில் அரசு வேலைக்கு ஆர்டர் வாங்கப் போகிற முதல் ஆள் அவர்தான்.

நான் தினமும் முதுநகர் ஜங்ஷனில் ரயில் ஏறிச் சிதம்பரம் போகிறேன். அதே ரயிலில் சீசன் டிக்கெட்டில் வருகிறவர்களுக்காக 'காலை வண்டி' என்ற வாட்ஸ்அப் குரூப் நடத்துகிறேன். ரயில் கிளம்பியதும் மூன்று சங்கதி போடுவேன். முதலாவது சிரிப்பதற்கு, இரண்டாவது போன், கம்ப்யூட்டர் செய்தி, மூன்றாவது வீடியோ கேமில் இருந்து எடுத்த துண்டு. மூன்றாவதுக்கு எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றை வைத்துவிடுவது வழக்கம். ஆலப்பாக்கம் ஸ்டேஷனில் டைனோசர் டிக்கெட் எடுக்கிறது என்று ஒருமுறை போட்டேன். மூன்றாவது என்றாலே கேம்தான் என்று குரூப்பில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், கேம் என்று நான் எழுதியதே இல்லை.

அந்த குரூப்பை நான் நடத்துகிற நம்பர் அண்ணன் பெயரில் வாங்கியது. சிம் வாங்கிய சமயத்தில் என் ஆதார் முகவரி மாற்றக் கொடுத்திருந்ததால் அவருடைய ஆதாரைக் கொடுத்தோம். எங்கள் வீட்டு நம்பர் எல்லாமே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவருக்கு கேமும் தெரியாது, அந்த குரூப்பிலும் அவர் இல்லை.

கடந்த சனிக்கிழமை காலை, தரை துடைக்கிற ரோபோ மேல் ஒரு சேவல் ஏறி வீடு முழுக்கச் சுற்றுகிற வீடியோவை முதலில் போட்டேன். அதன் பிறகு, மடிக்கிற போன் ஒன்றின் கீலில் மணல் புகுந்தால் திறக்க மாட்டேன் என்கிறது என்ற செய்தியைப் போட்டேன். அதன் பிறகு, அலையாத்திக் காட்டுக்குள் போகும் படகில் முதலை தாவி ஏறுகிற கேம் துண்டைப் போட்டு, "பிச்சாவரம், இன்று காலை. இடம் இருக்கா மச்சான்?" என்று எழுதினேன். அதற்கு அடுத்த பெட்டியில் வந்த அன்பரசு, "லைஃப் ஜாக்கெட் அதோட சைஸுக்கு இல்லியாம்" என்று பதில் போட்டார். பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு யாரோ அந்த மூன்றாவதை மட்டும் எடுத்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கேள்வியை வெட்டிவிட்டு 'பிச்சாவரம், இன்று காலை' என்பதை மட்டும் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்த ஜனங்கள் கரையிலேயே நின்று திரும்பிப் போனார்கள் என்றும், படகு ஓட்டுகிற காத்தவராயனுக்கு அன்று ஒரு நடைகூட இல்லை என்றும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்கு என் பங்கு உண்டு.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ஓட்டல் வைத்திருக்கும் சபாபதி, முதலில் போட்ட நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கி, ஞாயிறு மதியம் அதன் மீது மனு கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்து, நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு அண்ணனை அழைத்துப் போனார்கள். நான் அப்போது கடையில் இருந்தேன். அம்மா போன் செய்து, "அண்ணன அவுங்க கூட்டிட்டுப் போறாங்கடி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்று காலை நான் இங்கு வந்தபோது அண்ணன் சட்டையில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தார். சபாபதி நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். புகார் ஒரு நம்பர் மீது. விசாரித்து முடிக்காதபோது ஒருவருக்குத் தரையும் ஒருவருக்கு நாற்காலியும் எப்படி முடிவானது என்று கேட்டேன். சபாபதி என்னைப் பார்த்து, "எந்தத் தெருன்னு கேட்டப்பவே தெரிஞ்சுபோச்சு. உங்க ஆளுங்க கையில ஜாஸ்தி விலை போனு இருந்தா இதான் நடக்கும்" என்றார். இதையும் எழுத வேண்டும் என்று கேட்டேன். எழுத்தர் உதவி ஆய்வாளரைப் பார்த்தார். "அவுங்க சொன்னத எழுதுங்க" என்று அவர் சொன்னதால் எழுதப்பட்டது.

அதன் பிறகு, அனுப்பியது நான்தான், அண்ணன் இல்லை என்று சொன்னேன். அந்த கேமை என் போனில் திறந்து, அதே படகையும் அதே முதலையையும் காட்டினேன். முதலை என்னையும் தின்றது. உதவி ஆய்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, கேமுதான். ஆனா மூணு பேர் செத்துட்டாங்கன்னு எதுக்குப் போட்டே?" என்று கேட்டார். நான் அப்படிப் போடவே இல்லை என்றேன். சபாபதி, "பொய் மேடம், என்கிட்ட ஆதாரம் இருக்கு" என்று தன் போனை மேஜைமேல் வைத்தார்.

உதவி ஆய்வாளர் அதை வாங்கிப் பார்த்தார். அது வியாபாரிகள் குரூப். வீடியோ சபாபதியின் போனில் இருந்துதான் அந்த குரூப்புக்குப் போயிருந்தது. அதற்குக் கீழே அவர் பேசி அனுப்பிய ஆடியோ இருந்தது. உதவி ஆய்வாளர் அதை அழுத்தினார். "யாரும் தண்ணிப்பக்கம் போவாதீங்க, மூணு பேர இழுத்துட்டுப் போயிடுச்சு, நம்ம காத்தவராயன் கண்ணால பாத்துருக்கான்" என்று சபாபதியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

அதன் பிறகு காத்தவராயனுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர், "நான் என்னத்த பாத்தேன் மேடம்? நேத்து சவாரியே இல்லாம சோறு தின்னுட்டுப் படுத்துட்டேன். சனிக்கெழம ஓட்டல்காரருதான் முதல வந்துச்சான்னு கேட்டாரு. வரும்னு சொன்னேன், கொள்ளிடத்துல கிடக்குதே" என்றார்.

நான் போட்டது பதினாறு பேர் உள்ள குரூப்பில். சபாபதி அனுப்பியது ஊர் பூராவும் போயிருக்கிறது. வழக்கு என்று போட்டால் வதந்தி பரப்பியதாக முதலில் உங்கள் பெயர்தான் வரும் என்று உதவி ஆய்வாளர் சபாபதியிடம் சொன்னதும், அவர் ஜனங்களுடைய நன்மைக்காகத்தான் சொன்னதாகக் கூறினார். அதன் பிறகு மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனிடம் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.

மனு முடிக்கப்பட்டது, எஃப்.ஐ.ஆர். பதியவில்லை, சரிபார்ப்புக்குக் கேட்டால் எழிலன் மீது எதுவும் இல்லை என்றே பதில் போகும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மறுபடியும் சொன்னார். உடனே அம்மாவுக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம்தான் வந்தது. பிறகு, "சாப்பிட்டானா?" என்று கேட்டார்.

எழுத்தர், 'என் செயல்கள் அனைத்துக்கும் மன்னிப்புக் கோருகிறேன்' என்று எழுதியதைப் படித்துக் காட்டினார். அப்படி நான் சொல்லவில்லை. நிஜ ஊரின் பெயரைப் போட்டதற்காகவும், காத்தவராயனின் ஞாயிற்றுக்கிழமை போனதற்காகவும் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. இனி மூன்றாவதுக்கு முன்னால் 'கேம்' என்று எழுதுவேன். குரூப்பை மூட மாட்டேன்.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். இரவெல்லாம் அவர் கண்ணை மூடவில்லையாம். எழுத்து வேலை முடியும்வரை எழுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நான் சொன்னபடியே எழுதப்பட்ட இதை முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் கூடவோ குறையவோ இல்லை, எல்லாம் நடந்த உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
தே. எழிலரசி

என் முன்பாக,
ஸ்ரீமதி, உதவி ஆய்வாளர்